வளர்த்த நாயும் வளவுக் கோழியும்

தருமத்தை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் பெரிய காரியங்களையே எடுத்து ஆராய்வர். அரசன் போர்மேற் சென்றது தகுமோ, வாய்மையின் பொருட்டு ஒருவன் மனைவியையும் மைந்தனையும் விற்றது தகுமோ என்று வினாவுவர். அவை ஆராயத்தக்கனவே. ஆயினும் அத்தகைய இக்கட்டு நம்மில் ஆயிரவருள் ஒருவருக்கேனும் வாய்ப்பதரிது. நமக்கு நாள்தோறும் வாய்ப்பன வேலியோரத்திலும் கிணற்றடியிலும் நிகழுஞ் சிறு காரியங்களேயாம். சிறியன என்று நாம் அவற்றை ஆராயாது விடுகின்றோம்; நம் வீட்டுப் பிள்ளைகளோ அவற்றைக் கண்டே தருமம் இன்னதென்று கற்றுக்கொள்கின்றார்கள். ஆதலின், எமது வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு காரியத்தை ஈண்டு எடுத்துக்கொண்டு, அதனால் விளைந்த ஐயத்தை உபாத்தியாயர்களாகிய அன்பர்கள் முன்னிலையில் ஆராயத் துணிந்தோம்.

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் விடியற்காலையில், யாம் வளர்க்கும் நாய் கிடுகுவேலியின் பொட்டினூடே புகுந்து, அயல் வளவிலே தனித்து வாழும் மூதாட்டியொருவரது கோழிகளின்மேற் பாய்ந்தது. கூக்குரல் கேட்டு யாம் ஓடிச் சென்றபோது, முருங்கையடியிலே ஒரு பேடும் அதன் குஞ்சுகள் ஐந்தும் இறந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றையேனும் அது தின்றதில்லை. வாயிலே இறகு ஒட்டியிருக்க, எம்மைக் கண்டு வாலைக் குழைத்து, ஏதோ ஓர் ஏவலைச் செவ்வனே செய்து முடித்த ஏவலாளனைப் போல அது நின்றது. எமக்கு எழுந்த கோபத்தினால் வேலியிலிருந்து ஒரு பூவரசங் கம்பை முறித்து, அதனை நாலைந்து அடி அடித்தோம் என்பதை மறைக்கமாட்டோம். அப்பொழுது அவ்வாச்சி, எஞ்சிய இரண்டு குஞ்சுகளைப் பொறுக்கிக் கடகத்தில் இட்டுக்கொண்டே, “தம்பி, அதை அடியாதையும். இந்தப் பொட்டு எத்தனை நாளாய்க் கிடக்குது? அது நாய், நீர் வாத்தியார்” என்றார்.

அவ்வேலியை அடைக்க வேண்டுமென்று யாம் ஆடி மாதத்திலே எண்ணியிருந்தோம். எண்ணிக்கொண்டிருக்கவே மார்கழியும் வந்துவிட்டது. ஆச்சி சொன்ன சொல் அடியினும் வலிதாய் எம்மேற் பட்டது.

அன்று மாலை சுற்றத்தார் மூவர் வந்து மூன்றுவிதமான புத்தி சொன்னார்கள். ஒருவர், இறந்த கோழியை நாயின் கழுத்திற் கட்டி, அது அழுகி விழுமளவும் விட்டு நன்றாய் அடித்தால், பின் ஒருபோதும் கோழியை நாடாது என்றார். மற்றொருவர், இரத்தஞ் சுவைத்த நாய் திருந்தாது. சாக்கிற் போட்டுக் கொண்டுபோய்த் தூரத்துச் சந்தையொன்றில் விட்டுவிடுதலே நன்று என்றார். மூன்றாமவர் நகைத்து, நாய்க்கு அது இயற்கை. கோழியும் ஒருநாள் கறிக்காவதுதானே. விலையைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுக என்றார். அடித்தல், துரத்தல், மறத்தல் என்னும் இம்மூன்றுமே உலகத்தார் இக்காரியத்தில் கைக்கொள்ளும் வழிகள். இவற்றுள் எது தகும்? முதற்கண், குற்றம் என்பது இங்கே யாரிடத்தது என்பதைத் தெளிதல் வேண்டும்.

நாயின் இயல்பை முன்னர் நோக்குவாம். நாய் ஓநாயின் வழியிற் பிறந்தது. ஓநாய் வேட்டையாடும்போது இரையைக் கூர்ந்து நோக்கல், பதுங்கிச் செல்லல், துரத்தல், கவ்வல், கொல்லல், தின்னல் எனத் தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழும். மனிதர் தம் தேவைக்கேற்ப நாய்ச்சாதிகளைத் தெரிந்து வளர்த்தபோது, இத்தொடரிற் சிலவற்றை மிகுவித்துச் சிலவற்றைக் குறைத்தனர். ஆட்டுமந்தையை மடக்கும் நாய் கூர்ந்து நோக்கித் துரத்தும், கொல்லாது. வேடன் சுட்ட பறவையை எடுத்துவரும் நாய் பல் பதியாமற் கவ்வும். நமது ஊர்நாய்களை அவ்வாறு ஒரு தொழிற்கென்று தெரிந்து வளர்த்தாரில்லை. ஆதலின் பழைய தொடர் அவற்றினிடத்து முழுமையாகவே கிடக்கின்றது. சிறகடித்து ஓடுவதொன்றைக் கண்டவுடன் அது விழித்தெழுகின்றது.

பசியாத நாய் ஏன் ஆறு உயிரைக் கொல்ல வேண்டும் என்று வினாவுவார்க்கும் விடை இதுவே. துரத்துதலும் கவ்வுதலும் பசியினால் மட்டும் எழுவன அல்ல, ஓட்டத்தினால் எழுவன. காட்டிலே ஒன்று அகப்பட்டவுடன் ஏனைய பறந்துபோம். ஆதலால் வேட்டை ஒன்றோடு முடியும். வளவிலேயோ கோழிகள் போக்கிடமின்றி அங்குமிங்கும் சிறகடித்து ஓடுகின்றன. ஒவ்வோர் ஓட்டமும் வேட்டையைப் புதிதாகத் தொடக்கி வைக்கின்றது. கோழிக்கூட்டிற் புகுந்த நரி பலவற்றைக் கொன்று வறிதே விட்டுப்போதலும் இதனாலேயாம். இதனைக் கொடுமை என்று பெயரிடுதல், கொடுமை செய்யும் ஆற்றலுடைய மனிதரின் குணத்தை அதன்மேல் ஏற்றிச் சொல்லுதலேயன்றி வேறன்று.

மேலை நாட்டார் முற்காலத்தில் இவ்வாறு ஏற்றிச் சொன்னதற்கு ஓர் எல்லை காட்டுகின்றனர். பிரான்சு தேசத்திலே பலேஸ் என்னும் ஊரில், 1386ஆம் ஆண்டு, குழந்தையொன்றைக் கொன்ற பெண்பன்றியை நியாயசபையில் விசாரித்து, அதற்கு மனிதருடை உடுத்தி, பலர் காணக் கொன்றார்கள். இதைக் கேட்கின்ற நாம் நகைக்கின்றோம். ஆயினும் கம்பை முறித்து நாயைக் குற்றவாளியாக நிறுத்திய யாமும் அச்சபையிற் போய் இருந்தவரேயாவோம். விலங்கினங்கள் முன்னை வினைப்பயனை நுகர்வனவேயன்றி, இது நன்று இது தீது எனப் பகுத்துணர்ந்து புதிதாக வினையை ஈட்டுவன அல்ல. அப்பகுத்துணர்வும் அதனால் வரும் பொறுப்பும் மானுடப் பிறப்புக்கே உரியன என்று நம் பெரியோர் கற்பித்தனர். இதனை வாயினாற் படிப்பிக்கும் யாம் கையினால் மறுத்தோம்.

இனி, நமது நாட்டுக் கதையொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு அரசு செலுத்திய எல்லாளனைக் குறித்து, அவனுக்கு மாற்றாரது வரலாற்று நூலாகிய மகாவமிசமே புகழ்ந்து கூறுவது எல்லாரும் அறிந்தது. அவன் கட்டுவித்த ஆராய்ச்சி மணியைக் கன்றிழந்த பசு அசைத்ததும், அவன் தன் மைந்தனையே தண்டித்ததும் நம் மாணாக்கர் பாடமாகப் படிப்பன. அதே நூலில் அதனையடுத்து வரும் மற்றொரு செய்தியைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு பனைமரத்திலே பறவைக் குஞ்சொன்றைப் பாம்பு விழுங்கியது. தாய்ப்பறவை வந்து மணியை அசைத்தது. அரசன் அப்பாம்பைக் கொணர்வித்து, அதன் வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுப்பித்து, பாம்பை அம்மரத்திலே தூக்குவித்தான் என்பது அக்கதை.

மைந்தனுக்கு அளித்த தண்டமும் பாம்புக்கு அளித்த தண்டமும் ஒன்றாகுமா? தேரோட்டுவோன் தெருவிலே கன்று வரக்கூடும் என்று முன்னறிந்து அடக்கி ஓட்டவல்லவன். அறிந்து காத்தற்குரியவன் காவாதது குற்றம். பாம்போ பசித்தது, தனக்கு வகுத்த உணவை உண்டது. அதனைத் தூக்குவித்தமையால் இன்னொரு பாம்பு அறிவு பெறப்போவதில்லை. அங்ஙனமாயின் அவ்வரசன் முறை பிழைத்தானோ எனின், கதையின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது என்போம். மணியோசை கேட்டு, அசைத்தது ஒரு பறவைதானே என்று அவன் உறங்கிவிடவில்லை. மிகச் சிறிய உயிரின் துயரும் எழுந்து கேட்கத்தக்கது என்று கொண்டான். அவன் புகழ் பாம்பைத் தூக்கியதில் இல்லை. பறவைக்காக எழுந்ததில் உளது. கொன்ற உயிரிடத்துக் குற்றமின்மையினாலே, இழந்த உயிரிடத்துத் துயர் இல்லையாய்விடாது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதலே இக்காரியத்தின் அருமை. அடிப்பவர் முன்னதை மறக்கின்றனர். மறந்துவிடுக என்பவர் பின்னதை மறக்கின்றனர்.

இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. அப்பனையிலே பாம்பையும் பறவையையும் ஒருவரும் கொண்டுபோய் வைத்ததில்லை. நமது வளவின் செய்தி அத்தன்மையதன்று. ஜெர்மனியில் பொன்–ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு அகழ்ந்தெடுத்த, ஏறக்குறைய 14,000 ஆண்டுக்கு முந்திய புதைகுழியிலே, ஆணொருவனோடும் பெண்ணொருத்தியோடும் நாயின் எலும்புகளும் கிடந்தன. அத்துணைப் பழங்காலந்தொட்டு நாய் நம் துணை. கோழியோ, தென்கிழக்காசியக் காட்டிலே மரக்கிளையில் உறங்கி வேண்டியபோது பறந்துபோன செங்காட்டுக்கோழியின் வழியது. ஏறக்குறைய 3,500 ஆண்டுக்கு முன் மனிதரோடு கூடி வாழத் தொடங்கியது என ஆராய்ச்சியாளர் அண்மைக்காலத்திற் கணிக்கின்றனர். வேட்டையாடும் உயிரையும், பறந்து தப்பும் வன்மை குன்றிய உயிரையும் ஒரு வேலிக்குள்ளும் அதன் அயலிலும் கொணர்ந்து வைத்தவர் நாமே. ஆகவே ஆராய்ச்சி மணி இங்கே அசையுமாயின், எழுந்து நின்று விடை சொல்ல வேண்டியவர் நாயுடையாரேயன்றி நாயன்று. ரோமாபுரியாரது பழைய பன்னிரு பலகைச் சட்டமும், நாற்கால் விலங்கு ஒருவர்க்குக் கேடு விளைத்தால் அதன் உடையவனே ஈடு கொடுத்தல் வேண்டும், அன்றேல் அவ்விலங்கை ஒப்புவித்துவிடுதல் வேண்டும் என்றே விதித்தது.

இவ்வளவும் தெளிந்தபின் அம்மூவர் புத்தியையும் ஆராய்தல் எளிது.

அடித்தலை முதலில் நோக்குவாம். அடியாத மாடு படியாது என்பது நம்மவர் பழமொழி. நாய் விடயத்திலும் அதனையே சொல்வர். நாய், தன் செய்கையையும் அதன் பயனையும், சில கணங்களுக்குள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தாலன்றிச் சேர்த்து அறிவதில்லை. கோழி இறந்து கால் நாழிகை கழித்து வந்து அடிப்பவன், நாய்க்குக் கற்பிப்பது இதுவே: எசமான் வரும்போது அடி விழும். பின்பு அது கோழியை விட்டகலாது, எசமானையே விட்டகலும். அடிபட்ட நாய் தலையைக் கவிழ்ந்து காதைத் தாழ்த்தி நிற்பதைக் கண்டு, பார், தன் குற்றம் அதற்குத் தெரிகின்றது என்போம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அறிஞர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், 14 நாய்களைக்கொண்டு இதனைச் சோதித்தார். விலக்கிய தின்பண்டத்தை நாய் தின்றதாயினும் தின்னாததாயினும், உடையவர் சினந்தபோதெல்லாம் அக்குற்றமுகம் தோன்றியது. தின்னாத நாயைப் பிழையறியாது கடிந்தபோது அது மிகுதியாகவே தோன்றியது. ஆகவே யாம் அம்முகத்திற் கண்டது நாயின் கழிவிரக்கமன்று. எமது கோபத்தின் நிழல். செத்த கோழியைக் கழுத்திற் கட்டுதலும் இவ்வாறே பயனற்ற கொடுமை. பிணநாற்றம் நமக்குத்தான் தண்டனை, நாய்க்கன்று. இலங்கையிலே 1907ஆம் ஆண்டிலேயே விலங்குகளை வதைத்தலைத் தடுக்குங் கட்டளைச் சட்டம் பிறந்தது. சட்டத்துக்கு அஞ்சாவிடினும், பாரதத்தின் தொடக்கத்திலே வரும் சரமையின் சொல்லுக்கேனும் நாம் அஞ்சுதல் தகும். சனமேசயனது வேள்விச்சாலையிலே தன் மகன் பிழையின்றி அடியுண்டது கேட்டு அப்பெண்ணாய் வந்து, ஏன் அடித்தீர் என்று வினாவ, அரசகுமாரர் விடை கூற மாட்டாது நின்றனர். எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடைக என்று அது சபித்தது. எமது நாய் செய்கையினாற் பிழையில்லாதது அன்று, அறிவினாற் பிழையில்லாதது. ஏன் அடித்தாய் என்று அது வினாவ வல்லதாயின், எமக்கும் விடையில்லை.

இனித் துரத்தலை நோக்குவாம். சாக்கிற் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையில் விடுதல் நம் ஊர்களிற் பலர் கூசாது செய்யுங் காரியம். அதனாற் கோழிக்கொலை ஒழிந்ததா? வேறோர் ஊரிலே, வேறோர் ஏழையின் முற்றத்துக்கு மாறியது, அவ்வளவே. அதனோடு, ஒரு கைச்சோற்றை நம்பியிருந்த உயிர் வழியறியாது பட்டினிக்கும் விசர்நோய்க்கும் வண்டிச் சில்லுக்கும் இரையாகின்றது. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமபுத்திரர் நின்ற கதையை வகுப்பிலே கண்ணீர் மல்கச் சொல்லிவிட்டு, இரவிலே சாக்கோடு புறப்படுதல் நமக்கு அழகாமோ?

மூன்றாமவர் புத்தியே மயக்கந் தருவது. இயற்கைதானே என்பதில் உண்மை உண்டு. விலை கொடுத்துவிடுக என்பதில் நியாயமும் உண்டு. ஆயினும் கறிக்காவதுதானே என்னுஞ் சொல் எம்மை நெடுநேரம் வருத்தியது. கோழியுண்பவர் கோழி கொன்ற நாயைக் கோபித்தல் நகைக்கத்தக்கது. இழந்தது உயிரென்று அவர் வருந்தவில்லை, உணவென்றே வருந்துகின்றார். அது கிடக்க. எமது வீட்டிலோ மூன்று தலைமுறையாகப் புலால் புகுந்ததில்லை. அதனை யாம் பெருமையாகவே எண்ணி வந்தோம். அப்பெருமையுடைய வீட்டின் சோற்றை உண்ட நாய், அவ்வீட்டாரது சோம்பலாலே திறந்து கிடந்த பொட்டினூடே போய், ஒரு விடியலில் ஆறு உயிரைக் கொன்றது. கொல்லாமை என்பது வாயினுள் யாது புகுகின்றது என்பதனோடு முடிவதா? நமது வேலியினின்றும் யாது புறப்படுகின்றது என்பதும் அதனுள் அடங்குவதன்றோ? இவ்வினாவே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்லுவோம். ஆச்சிக்குப் பணங் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்தார். முட்டை விற்ற காசிலேயே அவருக்கு வெற்றிலையும் விளக்கெண்ணெயும் வருவன. அடைகிடந்து 21 நாளிற் குஞ்சு பொரிப்பித்து, சிறகினுள் அணைத்துக் காத்து வந்த பேட்டின் பெறுமதி சந்தை விலையன்று. அதற்கு ஈடாக இளங்குஞ்சொன்று வளர்ந்து முட்டையிட ஐந்தாறு மாதம் செல்லும். எஞ்சிய கோழிகளும் வெருண்டு சில நாள் முட்டையிடாதிருந்தன. ஆகவே முட்டையிடும் பருவத்துப் பேடுகள் இரண்டை வாங்கிக்கொண்டுபோய் விட்டோம், அவற்றை ஏற்றுக்கொண்டார். எனினும் கொடுத்தவுடன் கடன் தீர்ந்ததென்று எண்ணுதல் பிழை. ஈடு என்பது சென்றதற்குச் செய்வது. வருவதைக் காத்தலே எஞ்சிய கடன், அதுவே பெரிது.

காத்தல் எவ்வாறெனில், எமது அனுபவத்திற் கண்டவற்றைச் சுருக்கிச் சொல்லுவாம். முதலாவது, வேலி. கதியால்களை நெருக்கி, அடியிலே பனைமட்டை வரிந்து, நாய் கிளறாதபடி மண்ணணைத்தல் வேண்டும். நாய் மேலாற் பாய்வதினும் கீழாற் புகுதலே மிகுதி. இரண்டாவது, காலவரையறை. கோழிகள் திறந்துவிடப்படும் காலையிலும் மாலையிலும் நாய் கட்டில் நிற்க வேண்டும். இரவிற் கோழிகள் கூட்டில் அடைபட வேண்டும். அதற்காக நாயை நாள் முழுதும் குறுங்கயிற்றிற் கட்டிவைத்தல் தகாது. அடைபட்ட வேகம் அவிழ்த்தபோது இருமடங்காகும். நாள்தோறும் அதனை நடத்திச் சென்று இளைக்கச் செய்தல் வேண்டும். மூன்றாவது, பழக்கம். நெடுங்கயிற்றிற் பிடித்துக்கொண்டு, கோழியை அது தொலைவிற் கண்டும் இழுக்காது நம்மை நோக்கித் திரும்பும் அக்கணத்திலேயே ஒரு துண்டு உணவு கொடுத்தல் வேண்டும். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்தல் வேண்டும். குட்டிப் பருவத்திலே கோழிக்குஞ்சைத் துரத்துவதைக் கண்டு சிரிக்கும் வீட்டாரே பின்னர்க் கொலையைக் கற்பித்தவராகின்றனர். இவையெல்லாம் செய்தும் அடங்காத நாய் உண்டு. அதனை, கோழியில்லாத வளவுடைய அறிந்தவர் ஒருவரிடம், நடந்த உண்மையை மறையாது சொல்லி ஒப்புவித்தல் துரத்தலாகாது; அதுவும் காவலின் ஒரு வகையே.

எமது நாய் முற்றாகத் திருந்திவிட்டதென்று பொய் சொல்லமாட்டோம். இரண்டு மாதப் பழக்கத்தின் பின், ஆச்சியின் கோழிகள் வேலிக்கப்பால் மேயும்போது அது படுத்துக்கொண்டு பார்க்கின்றது. ஆயினும் ஒரு குஞ்சு சிறகடித்தோடினால் அதன் காது நிமிர்கின்றது; அதன் பழைய இயல்பு உறங்குகின்றதேயன்றி இறந்ததில்லை. ஆதலால் யாம் கயிற்றைக் கைவிட்டோமில்லை. அதனிடத்து அன்பும் உண்டு, நம்பிவிடுதல் இல்லை. இவ்விரண்டும் முரணாவன அல்ல. தன் பிள்ளையின் குணங்குறை அறிந்து, அறிந்தபடியே அன்பு செய்து, அக்குறை பிறரைத் தாக்காதபடி இடையில் நிற்பவளே நற்றாய் அன்றோ?

அன்பர்களே, நம்மிடத்துக் கற்கும் பிள்ளைகளுட் பலருடைய வீட்டில் நாய் உண்டு. அயலிற் கோழி உண்டு. இடையிலே பழுதான வேலியும் உண்டு. நாம் கொல்லாமையைப் பற்றிப் பாடஞ் சொல்லும்போது, யார் எதை உண்ணலாகாது என்பதோடு நின்றுவிடாது, உன் வீட்டு வேலியிற் பொட்டு இருக்கின்றதா என்று ஒருமுறை கேட்போமாக. நம் பொறுப்பில் உள்ள பேச்சற்ற உயிர் பிறர்க்குச் செய்யுந் தீங்குக்கு அதனை அடித்து நம்மை விடுவித்துக்கொள்ளும் பழக்கம், வளர்ந்தபின் ஏவலாளரையும் சிறுவரையும் எளியாரையும் அவ்வாறே செய்யும் பழக்கமாக முதிர்வது.

மார்கழி கழியுமுன் ஒரு விடுமுறை நாளில் எம் மகனும் யாமும் அவ்வேலியை அடைத்தோம். கிடுகை அவன் பிடிக்க யாம் கட்டினோம். அப்பால் நின்று ஆச்சி, “கீழே இன்னும் ஒரு மட்டை வையும் தம்பி” என்றார். வைத்தோம்.